பழைய பென்ஸ் டபிள்யூ124: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

மெர்சிடிஸ்-பென்ஸ், பின்னாளில் டாடா மோட்டார்ஸ் ஆன டெல்கோவோடு கூட்டுச் சேர்ந்து, 1995-ல் புனேயில் முதன்முதலாகக் கட்டிய கார் டபிள்யூ124. நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடுபவை பெரும்பாலும் இரண்டு வகை: 2199 சிசி எம்111 எஞ்சின் வைத்த இ220 பெட்ரோல், 2497 சிசி ஐந்து சிலிண்டர் ஓஎம்605 வைத்த இ250 டீசல். இரண்டுக்கும் முப்பது வயது நெருங்கிவிட்டது, சிலது தாண்டியும்விட்டது.

இந்த வண்டியில் இரும்பு சீக்கிரம் கெடாது. கெடுவதெல்லாம் வயர், ரப்பர், பிளாஸ்டிக், அடைத்துப்போன துளை. ஆனால் பட்டறையில் முதலில் கழற்றுவது இரும்பைத்தான். ஹெட் இறக்கி, பம்ப் மாற்றி, கம்ப்ரஸர் மாற்றி, செலவு லட்சத்தைத் தொட்டபிறகு பார்த்தால் குற்றவாளி ஒரு ஃப்யூஸாக இருக்கும். அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் வரிசை இதுதான்: முதலில் மின்சாரம், அடுத்து ரப்பர், கடைசியில் இரும்பு.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், நல்ல டார்ச், 8 முதல் 19 வரை ஸ்பேனர் செட், ஆலன் கீ, டார்க் ரெஞ்ச், கையால் இழுக்கும் வேக்குவம் (வெற்றிட) பம்ப், இரண்டு ஜாக் ஸ்டாண்ட். வண்டியோடு வந்த ஜாக் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள்.

சம்பந்தமில்லாத பல கோளாறுகள் ஒரே நேரத்தில் வந்தால்

ஒரு பக்கம் பார்க்கிங் லைட் எரியாது, ஹாரன் சில சமயம் கேட்காது, பவர் விண்டோ பாதியில் நிற்கும், தட்டினால் சரியாகும். இப்படி இருந்தால் எலக்ட்ரீஷியனைத் தேடுவதற்கு முன் எஞ்சின் பகுதியில் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியின் கருப்பு மூடியைத் திறங்கள்.

உள்ளே இருப்பது இப்போதைய வண்டிகளில் வரும் தட்டை ஃப்யூஸ் அல்ல. இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் பழைய தோட்டா ஃப்யூஸ். வெள்ளை 8 ஆம்பியர், சிவப்பு 16, நீலம் 25. இவற்றில் மலிவானவற்றின் மேல் ஓடும் தகடு அலுமினியம். அலுமினியத்தின் மேல் மெல்லிய வெண்படலம் படியும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஃப்யூஸ் போயிருக்காது, பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும், ஆனால் கூம்பு முனையும் பித்தளைப் பிடியும் தொடும் இடத்தில் மின்சாரம் தடைபடும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு ஃப்யூஸையும் எடுத்து, பிடியின் இரு முனைகளையும் மெல்லிய பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். பிறகு மொத்த செட்டையும் செம்புத் தகடு உள்ளதாக மாற்றுங்கள். ஆம்பியரைக் கூட்டிப் போடவே கூடாது: 8 இருந்த இடத்தில் 16 போட்டால் அடுத்த முறை ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் உருகும். பிடி தளர்ந்து ஃப்யூஸ் கையாலேயே சுற்றும் அளவுக்கு இருந்தால் பிடியைச் சற்று உள்நோக்கி வளைத்து இறுக்கம் கொடுங்கள்.

இதோடு பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. ஓடும்போது 13-க்குக் கீழ் நின்றால் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்வார்கள். அதன் பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் ரெகுலேட்டரைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷின் நீளத்தைப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்திருந்தால் ரெகுலேட்டர் மட்டும் மாற்றினால் போதும்.

ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, ஐடிலும் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி இறங்குகிறது

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் ஓவர்வோல்டேஜ் ரிலேதான் காரணம். பேட்டரிக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தடுப்பை நீக்கினால், தலையில் சிவப்பு நிற 10 ஆம்பியர் தட்டை ஃப்யூஸ் செருகிய, வெள்ளி நிற உயரமான பெட்டி தெரியும். வோல்டேஜ் திடீரென ஏறினால் கன்ட்ரோல் யூனிட்டுகளை (வண்டியின் மின்னணு மூளைகளை) காப்பாற்றுவது இதன் வேலை. ஏபிஎஸ் யூனிட்டுக்கும் எஞ்சின் நிர்வாகத்துக்கும் இதன் வழியாகவே மின்சாரம் போகிறது. அதனால்தான் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டும் ஒன்றாகக் கோளாறு காட்டுகின்றன.

முதலில் அந்தச் சிவப்பு ஃப்யூஸ் போயிருக்கிறதா பாருங்கள். போகவில்லை என்றால் ரிலேயைப் பிடுங்கி, உறையைத் திறந்து, அடித் தகட்டில் கால்கள் சால்டர் செய்த இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். முடி போன்ற வட்ட விரிசல் ஏதாவது காலைச் சுற்றி இருக்கும். சூட்டிலும் அதிர்விலும் வருவது அது. மறு சால்டர் பிடித்தால் பல மாதம் ஓடும், ஆனால் அதைத் தற்காலிகமாகவே வைத்துக்கொண்டு புதிய ரிலே வாங்கிப் போடுங்கள். கன்ட்ரோல் யூனிட்டின் விலைக்கு முன்னால் ரிலே விலை ஒன்றுமே இல்லை.

ரிலே நன்றாக இருந்தும் ஐடில் ஆடினால் ரப்பருக்கு வாருங்கள். இன்டேக் மானிஃபோல்டைச் சுற்றியுள்ள வேக்குவம், பிரீதர் ஹோஸ்களின் முழங்கை வளைவுகளை விரலால் பிதுக்கிப் பாருங்கள், அடிப்பக்கத்தில்தான் வெடித்திருக்கும். அடுத்து, எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் மாஸ் மீட்டரின் பிளக்கைப் பிடுங்கி ஓட்டிப் பாருங்கள். பிடுங்கியபின் வண்டி நன்றாக ஓடினால் மீட்டர் தவறாகச் சொல்கிறது. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் கழுவிக் காயவிட்டு மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதியதற்குப் போக வேண்டும்.

காரணமே பிடிபடாத மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டர் எரியாமல் எஞ்சின் தடுமாறுவது), தப்பான ரீடிங், அடிக்கடி போகும் இக்னிஷன் காயில்

1992 முதல் 1995 வரையிலான காலத்தில் இந்த எஞ்சின்களுக்குப் போட்ட வயரிங்கின் மேலுறை, சூழலுக்குக் கேடில்லாமல் மக்கிப்போகும் வகையில் செய்த பொருள். அது வண்டியில் இருக்கும்போதே மக்குகிறது. எஞ்சின் சூட்டில் சில ஆண்டு கிடந்தால் உறை இறுகி, அப்பளம் போல நொறுங்கி, உள்ளே செம்பு அம்மணமாகத் தெரியும்.

சோதிப்பது எளிது. இக்னிஷனை அணைத்துவிட்டு கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டெம்பரேச்சர் சென்சர் பிளக்கின் ரப்பர் தொப்பியைப் பின்னால் இழுத்து, உள்ளே இருக்கும் வயரை மெல்ல வளையுங்கள். இலேசாக வளைந்து கொடுத்தால் மாற்றிவிட்ட வயரிங். உறை சில்லுச் சில்லாக உதிர்ந்தால் பழையது. வெளியே தெரியும் கருப்புக் குழாய் முழுசாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், சேதம் உள்ளேதான்.

இன்சுலேஷன் டேப் சுற்றுவது தீர்வல்ல. சுற்றும்போதே அடுத்த இரண்டு அங்குலம் நொறுங்கும். இரண்டு வயர் உள்ளுக்குள் உரசிக்கொண்டால் போவது கன்ட்ரோல் யூனிட். பழைய பிளக்குகளையும் அளவையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆட்டோமொபைல் தரத்தில் சூடு தாங்கும் வயரால் முழு ஹார்னெஸையும் (வயர்க் கட்டையும்) திரும்பக் கட்டித்தரும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வயராகக் கட்டச் சொல்லுங்கள், மொத்தமாக வெட்டிவிட்டு நினைவில் இருந்து இணைக்கும் வேலை வேண்டாம். எஞ்சினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடிக்குப் போகும் வயரும் அதே பொருள்தான். அதை மறந்துவிட்டு எஞ்சின் வயரிங்கை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடிந்தது.

வயரிங் நல்லதென்று தெரிந்தபின் ஸ்பார்க் பிளக் குழிகளைப் பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்தால் எண்ணெய் குழிக்குள் தேங்கி மிஸ்ஃபயர் வரும். கேஸ்கெட் வாங்கும்போது குழிக்கான தனி வளையங்களையும் சேர்த்து வாங்குங்கள். ஸ்பார்க் பிளக் ரெசிஸ்டர் இல்லாத சாதாரண வகை, இடைவெளி 0.8 மில்லிமீட்டர். விலை கூடிய பிளாட்டினம் பிளக்கால் இந்த எஞ்சினுக்கு லாபம் இல்லை.

சூடானபின் நின்றுவிடுகிறது, அரை மணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது

ஏறக்குறைய எப்போதும், எஞ்சின் சுற்றுவதைக் கண்டு சிக்னல் தரும் கிராங்க் சென்சர்தான். நின்ற நேரத்திலேயே சோதித்தால்தான் தெரியும்: சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் துளியும் அசையாவிட்டால் சென்சர் சிக்னல் தரவில்லை. பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 680 முதல் 1200 ஓம் வரை வர வேண்டும். ஆறியபின் அளந்தால் சரியாகவே காட்டும், அதனால் சூட்டோடு அளக்க வேண்டும்.

முள் அசைகிறது, ஆனால் பெட்ரோல் வரவில்லை என்றால் ஃப்யூவல் பம்ப் ரிலே, அதன்பின் பம்ப். பம்பும் ஃபில்டரும் வண்டிக்கு அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கின்றன. அங்கே போகும்போது ரப்பர் ஹோஸ்களை நகத்தால் கீறிப் பாருங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டி பிறந்தபோது அப்படி ஒரு எரிபொருள் கணக்கிலேயே இல்லை. பழைய ரப்பர் ஊறி, மெத்தென்று ஆகி, வியர்க்க ஆரம்பிக்கும். எத்தனால் தாங்கும் என்று குறித்த ஹோஸை டேங்கில் இருந்து எஞ்சின் வரை மாற்றிவிடுங்கள். தீப்பிடிக்கக்கூடிய இடம் இது, தள்ளிப் போட வேண்டாம்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது

நம் ஊரில் இந்த வண்டிக்கு வரும் பெரிய வில்லங்கம் இது. அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் எது கோளாறு, எது கோளாறில்லை என்று தெரிய வேண்டும். முள் நெடுஞ்சாலையில் 80 டிகிரிக்குச் சற்று மேல் நிற்பது, நகர நெரிசலில் ஏசியோடு 100 வரை போய் இறங்குவது இயல்பு. 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். சூட்டில் கூலன்ட் மூடியைத் திறக்காதீர்கள், 1.4 பார் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

நிற்கும்போது ஏறி, ஓடினால் இறங்குகிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. ஓடும்போதுதான் ஏறுகிறதா? தண்ணீர் ஓட்டம் போதவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

காற்றுப் பக்கம் இரண்டு விசிறி. எஞ்சினோடு சுற்றும் விஸ்கஸ் விசிறி (சூடேறினால் இறுகும் கப்ளிங் வழியாக ஓடுவது) ஒன்று. நன்றாகச் சூடேறிய எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, விசிறியைக் கையால் சுற்றுங்கள். கனமாகத் தடுத்தால் நல்லது. காற்றாடி போல லேசாகச் சுற்றினால் கப்ளிங் செத்துவிட்டது.

அடுத்தது ஏசி கன்டென்சருக்கு (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பாகம்) முன்னால் இருக்கும் எலக்ட்ரிக் விசிறிகள். இவற்றுக்கு இரண்டு வேகம். ஏசி கேஸின் அழுத்தம் 20 பாரைத் தொட்டால் மெதுவேகம், கூலன்ட் மிகவும் சூடானால் முழுவேகம். பெரும்பாலான வண்டிகளில் மெதுவேகம் செத்துப் போயிருக்கும், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஏசியைப் போட்டு வெயிலில் பத்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். விசிறி சுற்றாவிட்டால் ரிசீவர் டிரையரின் (ஏசி கேஸின் ஈரத்தை உறிஞ்சும் டப்பா) மேல் இருக்கும் விசிறி அழுத்த சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். அங்கே சுவிட்ச் இரண்டு உண்டு, ஒன்று கம்ப்ரஸரை நிறுத்துவது, ஒன்று விசிறியை ஓட்டுவது, மாற்றிப் பிடிக்காதீர்கள். இணைத்ததும் சுற்றினால் சுவிட்ச் கெட்டது. அப்போதும் சுற்றாவிட்டால் மெதுவேகத்துக்கான பீங்கான் ரெசிஸ்டர் உடைந்திருக்கும். மலிவான பொருள். அது இல்லாமல்தான் பலரின் ஏசி சிக்னலில் சூடாக ஊதுகிறது.

விசிறி சரி என்றால் அழுக்கு. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பூச்சி, பஞ்சு, தூசி சேர்ந்து கம்பளம் போல் நிற்கும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அது இன்னும் உள்ளே போகும். எஞ்சின் பக்கமிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத்தில் அடியுங்கள். பிரஷர் வாஷரை நெருக்கமாகப் பிடித்தால் இதழ்கள் மடிந்துவிடும்.

இனி தண்ணீர்ப் பக்கம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் பழக்கம். இந்த வண்டியில் அது பெரிய தவறு. இதன் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை: சூடேறும்போது ரேடியேட்டர் வழியைத் திறக்கும், அதே நேரத்தில் சுற்றுவழியை அடைக்கும். அதை எடுத்துவிட்டால் சுற்றுவழி எப்போதும் திறந்தே இருக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்ச்சிக்காக எடுத்தது நெரிசலில் சூட்டைக் கூட்டும். பெட்ரோலுக்கு 87 டிகிரியில் திறப்பது வாங்கிப் போடுங்கள்.

ரேடியேட்டருக்குள் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சுண்ணாம்பு பிடித்திருந்தால் சிட்ரிக் அமிலத்தால் கழுவலாம். மளிகையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பேதான். லிட்டருக்கு 100 கிராம் கணக்கில் வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து, 80 டிகிரி வந்தபின் ஐந்து நிமிடம் மிதமான வேகத்தில் ஓட்டி, ஆறவிட்டு இறக்குங்கள். அலுமினியத்தில் அமிலத்தை ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டி இறக்குவதை ஐந்து முறையாவது செய்யுங்கள். கடைசியில் பாதிக்குப் பாதி கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும். இங்கே பனி இல்லையே, கூலன்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தையும் பாருங்கள். வயதான கழுத்து பழுப்பேறி, ஒருநாள் ஹோஸோடு சேர்ந்து உடைந்து வந்துவிடும். கழுத்துக்குள் உலோக வளையம் இல்லாத பழைய ரேடியேட்டரை நீண்ட பயணத்துக்கு முன் மாற்றுவது நல்லது. மூடியில் 140 என்று பொறித்திருக்க வேண்டும். வேறு வண்டியின் மூடி பொருந்துகிறதென்று போடாதீர்கள். இத்தனையும் பார்த்தபின்னும் ஏறினால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் கூலன்ட் தொட்டியில் விடாமல் குமிழி வந்தால், அப்போது ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம்.

ஏசி ஓடுகிறது, காற்று குளிரவில்லை

கேஸ் நிரப்பும் கடைக்குப் போவதற்கு முன் பேட்டரி பக்கம், எஞ்சினுக்கும் உள்பகுதிக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரருகே இருக்கும் ஹீட்டர் வால்வைத் தொட்டுப் பாருங்கள். இந்த வால்வு விநோதமானது: மின்சாரம் போனால்தான் மூடும், மின்சாரம் இல்லாவிட்டால் திறந்துகொள்ளும். ஜெர்மனிக் குளிரில் ஃப்யூஸ் போனாலும் ஓட்டுநர் விறைக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நம் ஊரில் ஃப்யூஸ் போனால், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால், கொதிக்கும் கூலன்ட் ஹீட்டருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே பெட்டிக்குள் ஏசி குளிர்விப்பதை ஹீட்டர் சூடாக்கும்.

வெப்பநிலைத் திருகைக் கடைசிக் குளிருக்குத் திருப்பி, சூடான எஞ்சினில் வால்வுக்குப் பின்னால் போகும் ஹோஸைத் தொடுங்கள். சுட்டால் வால்வு மூடவில்லை. ஃப்யூஸ் சரியாக இருந்தால், எஞ்சின் ஆறியபின் மேலே உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி உள்பாகத்தை வெளியே எடுத்துச் சவ்வைப் பாருங்கள். உள்பாகம் மட்டும் தனியாகக் கிடைக்கும், முழு வால்வு வேண்டாம்.

இதில் குறையில்லை என்றால் கேஸ். எவ்வளவு கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டிய லேபிளில் இருக்கும். எடை பார்த்து நிரப்புங்கள், கையால் தொட்டுப் பார்த்து நிரப்புகிறவரிடம் போக வேண்டாம். இரண்டு மாதத்தில் மறுபடி காலியானால் எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) கசிகிறது என்ற சந்தேகம் பலமாகும். அதற்கு டாஷ்போர்டு முழுக்க இறங்க வேண்டும். ஒருமுறை இறக்கினால் எவாப்பரேட்டர், ஹீட்டர் கோர், வேக்குவம் டப்பாக்கள் எல்லாவற்றையும் அதே சமயத்தில் முடித்துவிடுங்கள்.

காற்றே வராமல், அல்லது கீச்சென்ற சத்தத்தோடு வந்தால் ப்ளோயர் மோட்டார். அது டாஷ்போர்டுக்குள் இல்லை. பானட்டைத் திறந்து, வைப்பர் பகுதியின் மூடியை எடுத்தால் வெளியிலிருந்தே கிடைக்கும்.

முன்பக்கக் கார்பெட் ஈரம்

எந்தத் தண்ணீர் என்று விரலால் தொட்டு முகருங்கள். தெளிந்த தண்ணீர், ஏசி ஓட்டிய நாளில் மட்டும் என்றால், எவாப்பரேட்டர் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஏசி போட்ட வண்டியின் அடியில் கியர்பாக்ஸ் அருகே சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே தேங்குகிறது. அடியிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை விட்டு எடுத்துவிடுங்கள். வழவழப்பாக, இனிப்பு வாடையோடு, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்தால் ஹீட்டர் கோரில் கூலன்ட் கசிகிறது.

மழைக்குப் பிறகு கலங்கல் தண்ணீர் என்றால் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பள்ளமும் பேட்டரித் தட்டும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் சருகு மக்கி மண்ணாகவே ஆகியிருக்கும். அதை அள்ளிவிட்டு, வடிகால் ரப்பர் வாய்களை விரலால் பிதுக்கித் திறந்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி அது கீழே தரையில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் நான்கு மூலைக் குழாய்களுக்கும் இதே சோதனை.

கார்பெட்டுக்கு அடியில் கனமான பஞ்சு இருக்கிறது. மேலே காய்ந்துவிட்டதென்று விட்டால் அடியில் மாதக்கணக்கில் ஈரம் நின்று தரைத் தகடு துருப்பிடிக்கும். தூக்கி வெளியே எடுத்துத்தான் காயவைக்க வேண்டும். சென்னையில் பழைய டபிள்யூ124 வாங்குகிறவர்கள் இந்தப் பஞ்சைத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற வண்டியா என்பதை அங்கே படிந்த வண்டல் சொல்லிவிடும். டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலும் அதே கதைதான்.

டீசல்: காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது

ஓஎம்605-ல் எஞ்சினின் பக்கவாட்டில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டீசல் குழாய்கள் தெரியும். ஓடும்போது அவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். குமிழி ஓடினால் முனைகளில் இருக்கும் ஓ-ரிங்குகள் சுருங்கிக் காற்றை இழுக்கின்றன. ராத்திரியில் டீசல் பின்னால் இறங்கிவிடுவதால் காலையில் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. பம்ப் சர்வீஸ் என்று சொல்வதற்கு முன் குழாய்களை ஓ-ரிங்கோடு முழு செட்டாக மாற்றுங்கள்.

குமிழி இல்லை, ஸ்டார்ட் ஆனதும் ஒரு சிலிண்டர் தடுமாறி வெண்புகை வருகிறது என்றால் குளோ பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்). ஐந்தையும் வயரைக் கழற்றித் தனித்தனியாக அளந்தால் ஒரு ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். மாற்றும்போது அவசரம் வேண்டாம்: கார்பன் இறுகிப் பிடித்திருக்கும், பலத்தைப் போட்டால் பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறியும். எஞ்சினைச் சூடாக்கி, துரு நீக்கும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக மெல்லத் தளர்த்துங்கள். புதியது போடுவதற்கு முன் ரீமரால் துளையைச் சுத்தம் செய்து, 20 நியூட்டன் மீட்டரில் முறுக்குங்கள்.

சாவியை எடுத்தபின்னும் எஞ்சின் ஓடுகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. இதை நிறுத்துவது வேக்குவம். எங்கோ ஒரு ரப்பர் முனை கழன்றிருக்கிறது. பானட்டைத் திறந்து டீசல் பம்பின் மேல் ஸ்டாப் என்று எழுதிய லிவரை அழுத்தினால் நிற்கும். பிறகு டீசல் பம்பிலிருந்து சாவி சுவிட்ச் வரை உள்ள குழாய்களைக் கை வேக்குவம் பம்பால் பகுதி பகுதியாக இழுத்துப் பார்த்தால் கசிவு கிடைத்துவிடும்.

கதவுப் பூட்டு ஒன்று வேலை செய்யவில்லை, பின்சீட்டுக்கு அடியில் உறுமல்

சென்ட்ரல் லாக் காற்றால் இயங்குவது. பின்சீட்டுக்கு அடியில் நுரைப்பெட்டிக்குள் பம்ப் இருக்கிறது. பூட்டியதும் சில நொடியில் பம்ப் ஓய வேண்டும். நீண்ட நேரம் உறுமி நின்றால் எங்கோ கசிவு. ஒவ்வொரு கதவுக்கும் போகும் குழாயைக் கழற்றி விரலால் அடைத்துப் பாருங்கள். எதை அடைத்ததும் பம்ப் சீக்கிரம் ஓய்கிறதோ அந்தக் கதவில்தான் குறை. பெட்ரோல் மூடிப் பூட்டையும் டிக்கியையும் மறக்க வேண்டாம். கசிவோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் கடைசியில் பம்ப் எரியும்.

நடுக்கம், தட்டல், ஸ்டீரிங் ஆட்டம்

ஆட்டோமேட்டிக்கில் டி-யில் போட்டு நிற்கும்போது சீட் நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட். எண்ணெய் நிரப்பிய வகை அது. உள்ளே கசிந்து தாழ்ந்துபோகும். இரண்டையும் கியர்பாக்ஸ் மவுண்டோடு சேர்த்து மாற்றுங்கள். கியர் போட்டதும் ‘டொக்’ என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் ரப்பர் ஃப்ளெக்ஸ் டிஸ்க்கில் விரிசல் பாருங்கள்.

நேராகப் போகும்போது ஸ்டீரிங் வளையத்தில் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வெறும் ஆட்டம் இருந்தால் உடனே ஸ்டீரிங் பாக்ஸை முறுக்காதீர்கள். முதலில் ஸ்டீரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் பாகங்களைப் பாருங்கள்: ஐட்லர் ஆர்ம் புஷ், பிறகு டிராக் லிங்க், டை ராட் முனைகள். புஷ் தேய்ந்திருக்கும்போது பாக்ஸை இறுக்கினால் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது, உள்ளே பல்லும் தேயும்.

சக்கரம் மாட்டும்போது போல்ட் 110 நியூட்டன் மீட்டர். காற்றுத் துப்பாக்கியால் முடித்துவிட்டு ‘டைட்’ என்று சொல்பவரிடம் டார்க் ரெஞ்சை நீட்டுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்

இந்த நான்கு வேகப் பெட்டி சாதாரணமாக இரண்டாவது கியரில்தான் புறப்படும். ‘எடுப்பு மந்தம்’ என்று அதைப் பழுதாக நினைக்க வேண்டாம். எண்ணெயைச் சூடான நிலையில், பி-யில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். டிப்ஸ்டிக்கின் குறைந்த அளவுக்கும் கூடிய அளவுக்கும் நடுவே வெறும் 0.3 லிட்டர்தான். ஒரு லிட்டர் ஊற்றிவிட்டுப் பார்ப்பது கூடாது, கூடினால் நுரைத்து கியர் வழுக்கும். எல்லா மாற்றமும் உதைத்தால் வேக்குவம் மாடுலேட்டருக்கு (எஞ்சின் சுமைக்கேற்ப கியர் மாற்றத்தைச் சீராக்கும் பாகம்) போகும் ரப்பர் குழாயைப் பாருங்கள். அந்தக் குழாய்க்குள் சிவப்பு எண்ணெய் இருந்தால் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது. பெட்டியை இறக்காமலேயே மாற்றக்கூடிய பாகம்.

வைப்பர் கடகடக்கிறது

ஒற்றைக் கை, நீண்டு சுருங்கி மூலைவரை போய்க் கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைக்கும் அருமையான வேலைப்பாடு. அதற்கு கிரீஸ் வேண்டும் என்பதை யாரும் நினைப்பதில்லை. மூடியைக் கழற்றி, மெழுகாக இறுகிய பழைய கிரீஸைத் துடைத்து, புதிய லித்தியம் கிரீஸ் வையுங்கள். வறண்டு ஓடினால் பல்லும் மோட்டாரும் போகும்.

கழுவலும் துருவும்

பக்கவாட்டில் கதவுகளின் கீழ்ப்பாதியை மூடும் அகலமான பிளாஸ்டிக் பலகைக்கு வடிவமைப்பாளர் புரூனோ சாக்கோவின் பெயரையே வைத்து ‘சாக்கோ பலகை’ என்பார்கள். அழகாக இருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் சேறு தங்கும். வருடம் ஒருமுறை கிளிப்புகளை மெதுவாக எடுத்து (புதிய கிளிப் கையில் வைத்துக்கொண்டு) உள்ளே கழுவி, துருப்புள்ளிகளைச் சுரண்டி, ப்ரைமர் பூசி, மெழுகு அடியுங்கள். ஜாக் துளைகளின் ரப்பர் மூடிகள் காணாமல் போயிருந்தால் உடனே வாங்கிப் போடுங்கள். அதன் வழியாகத் தண்ணீர் நேராக வண்டியின் எலும்புக்குள் போகிறது.

சீட் தோல் என்று நினைத்துத் தோல் எண்ணெய் தடவுகிறவர்கள் அநேகம். பல வண்டிகளில் இருப்பது எம்பி-டெக்ஸ் என்ற செயற்கைத் தோல். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான ஷாம்பூவும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் போதும். டாஷ்போர்டில் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பளபளக்கும் சிலிக்கான் பாலிஷும் வேண்டாம். வெயிலில் எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும், பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசச் செய்யும். கதவு ரப்பர்களுக்குக் கிளிசரின் நல்லது.

மேம்படுத்த நினைத்தால்

ஹெட்லைட் மங்கல் என்று 100 வாட் பல்ப் போட்டால் ரிஃப்ளெக்டரும் சுவிட்சும் உருகும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியிலும் பல்ப் பிளக்கிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள். ஒரு வோல்ட் குறைகிறதென்றால் வெளிச்சத்தைத் தின்பது பழைய வயரும் சுவிட்சும்தான். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்துத் தனி ரிலே வழியாக எடுத்தால், அதே 60/55 வாட் எச்4 பல்ப் புது வண்டி மாதிரி எரியும்.

பாகம் வாங்கப் போகும்போது சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் இந்த வண்டிக்குப் பொருள் கிடைக்கிறது. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, ரெசிஸ்டர், வைப்பர் பெட்டி போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட், ஃப்ளெக்ஸ் டிஸ்க், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கக் கூடாது. ரப்பருக்கு ஓடிய கிலோமீட்டர் கணக்கில்லை, பிறந்த வருடம்தான் கணக்கு.